கோர்ட் அக்கா ஊர் தேடிய கதை

எங்கள் பிளாட்டை இடிக்கப் போகிறார்கள் என்பதை எங்களுக்குப் புரியும்படி சொன்னவர் அவர்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டி நின்ற நான்கு மாடிக் கட்டடம் அது. லிப்ட் கிடையாது. கட்டட முதலாளியின் சார்பில் கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எங்களை உட்கார வைத்து, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். முன்வரிசைப் பெண்கள் ஒன்றும் புரியாமல் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான்காவது மாடியில் தனியாகக் குடியிருந்த அந்த அக்கா எழுந்து, தமிழில் தான் சொல்லட்டுமா என்று கேட்டார். இளைஞர் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார்.

இந்த வட்டாரத்தை மேம்படுத்தும் பயணத்தில் உங்களையும் பங்காளிகளாகப் பார்க்கிறோம் என்றார் இளைஞர்.

"ஆறு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணும்" என்றார் அக்கா.

உங்கள் ஒத்துழைப்பை நிறுவனம் மிகவும் மதிக்கிறது என்றார் இளைஞர்.

"சத்தம் போடாம போனா நல்லதுங்கறாரு."

நீங்கள் எல்லாரும் எங்கள் குடும்பம் மாதிரி என்றார். அக்கா கொஞ்சம் யோசித்தார். "இதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பெயரை இங்கே எழுதினால் முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் எதற்கு எழுதினாய் என்று கேட்பார். ஆகவே பெயர் வேண்டாம். எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் கோர்ட் அக்கா. முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் மட்டும் தெரிந்த ஆளுக்கும் மலாயில் கேள்வி கேட்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்வது வேலை. குள்ளமான உருவம், கனத்த கண்ணாடி, ஆண்கள் போடும் தோல் செருப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது.

வேலைக் காலத்துக் கதைகளில் அவர் அடிக்கடி சொல்வது கோழித் திருடன் கதை. கோழி திருடியதாகப் பிடித்து வந்த ஓர் ஆசாமியிடம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். ஆசாமி பதிலுக்கு நீதிபதியின் தாயாரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். வேறு யாராக இருந்தாலும், 'மறுக்கிறார், துவான்' என்று ஐயா போட்டு மரியாதையாக முடித்திருப்பார்கள். அக்கா முழு வாக்கியத்தையும், தாயார் உட்பட, இலக்கண சுத்தமான மலாயில் எடுத்துச் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். தான் சொன்னது அவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்று அந்த ஆள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முகம் வெளுத்து, உடனே கோழியை ஒப்புக்கொண்டான்.

"அப்புறம் நீதிபதி என்னைத் தனியா கூப்பிட்டு, இந்த மாதிரி வந்தா சுருக்கிச் சொல்லுங்கன்னாரு" என்பார் அக்கா. "சுருக்கினா உங்கம்மா மட்டும்தான் மிஞ்சுவாங்க துவான்னு சொன்னேன்."

ஓய்வு பெற்றும் தொழில் விடவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதன் அசல் அர்த்தத்தை அவர்கள் எதிரிலேயே பெயர்த்துச் சொல்லிவிடுவார். நாங்கள் இரண்டாவது மாடியில் குடிவந்த புதிதில் என் மனைவி ஒரு கிண்ணம் பாயசத்தோடு மேலே போனாள். சும்மா உங்களுக்காகக் கொஞ்சம் செய்தேன் என்றிருக்கிறாள். "அதாவது, நிறைய செஞ்சு மீந்துபோச்சு" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார் அக்கா. உண்மைதான். நான்கு வீட்டுக்குப் போன பாயசம் அது. இருந்தாலும் என் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதமும் அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை என்பது அவளுக்கு இன்னும் பெரிய கோபம்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். சனி ஞாயிறு வேனுக்கு வேலையில்லை. காலி செய்யச் சொன்ன அடுத்த வாரம் அக்கா என்னிடம் வந்து, சனிக்கிழமைகளில் தன்னை ஊர் பார்க்கக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். வேனுக்கு எண்ணெய்க் காசும் சாப்பாடும் அவருடையது. எந்த ஊர் என்றேன். சிலாங்கூரில் கடல் தெரிகிற ஏதாவது ஓர் ஊர் என்றார்.

கடலோடு அவருக்கு என்ன சொந்தம் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது பழைய காதல் இருக்கும் என்று என் மனைவி ஆசையாக எதிர்பார்த்தாள். நான் கேட்டே விட்டேன்.

"கோர்ட்டுல முப்பத்தஞ்சு வருஷம் ஏர்கான்ல விறைச்சாச்சு தம்பி. மிச்சத்துக்கு வேர்க்கணும்."

அவ்வளவுதான் காரணம். பினாங்கு யோசனையை நான் சொன்னபோது, அங்கே எல்லாரும் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்கள் என்று தள்ளிவிட்டார். மலாக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமிருக்காது. சிலாங்கூருக்கு நீளமான கரை இருக்கிறது, அதில் அறுபத்தொரு வயசுப் பொம்பளை ஒருத்திக்கு ஒரு வீடு இருக்காதா என்பது அவர் கணக்கு. பஸ் இருக்க வேண்டும். நடக்கிற தூரத்தில் கிளினிக் வேண்டும். மீன்கடையில் பாதி மீன் கேட்டால் முறைக்காமல் வெட்டிக் கொடுக்க வேண்டும். முழு மீன் வாங்கி மூன்று நாள் அதையே தின்று அவர் அலுத்துப் போயிருந்தார்.

முதலில் மோரிப் போனோம். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தரைவீடு. வீடு காட்ட வந்தது வாசனைத் திரவியம் பூசிய ஒரு தமிழ்ப் பையன், வீட்டு ஏஜென்ட். ரொம்ப அமைதியான இடம் ஆன்டி என்றான். பஸ் கிடையாது என்றார் அக்கா என் பக்கம் திரும்பி. நாள் முழுக்கக் கடல்காற்று என்றான். ஜன்னல் கம்பி எல்லாம் துரு என்றார். நான் தொட்டுப் பார்த்தேன், கையோடு வந்தது. நல்ல குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றான். எட்டு மாதமாக யாரும் எடுக்கவில்லை என்றார். எட்டா என்று பையன் திகைத்தான். அப்புறம்தான் பார்த்தேன், சுவரில் தொங்கிய காலண்டர் எட்டு மாதத்துக்கு முந்தின தாளில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் வாயே திறக்கவில்லை. கதவுகளை மட்டும் திறந்து காட்டினான்.

பந்திங்கில் கிடைத்தது உண்மையிலேயே நல்ல வீடு. பந்திங்கில் கடல் தெரியாது, ஆனால் பஸ்ஸில் ஏறினால் கடல் பக்கம்தான் என்று அக்கா கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். மீனும் காய்கறியும் விற்கும் பாசாருக்குப் பின்னால், முன்பக்கம் ஒரு மாமரத்தோடு. வீட்டுக்கார அம்மா நம்மவர். எங்களை உட்கார வைத்துக் கோப்பி கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எத்தனை பேரு வர்றீங்க?"

"ஒரு ஆளு."

"வீட்டுக்காரரு?"

"இல்ல."

"தவறிட்டாரா?"

"வரவே இல்ல."

அந்த அம்மா உச்சுக் கொட்டினார். மனசு நல்ல மனசு, சந்தேகமில்லை. நாங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறோம், நீங்கள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். அக்கா நன்றி சொல்லி எழுந்தார். வேனில் ஏறியதும், "கோர்ட்டுல கூட எனக்கு இவ்வளவு காவல் இல்ல தம்பி" என்றார். பந்திங் முடிந்தது.

கோலா சிலாங்கூர் பக்கத்தில் நடந்ததை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்த ஒரு மாடிவீடு. போனில் பேசும்போது வீட்டுக்காரருக்கு அக்காவின் மலாய் ரொம்பப் பிடித்துப் போனது. அது நீதிமன்ற மலாய், செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். உடனே வாருங்கள், சாவியோடு நிற்கிறேன் என்றார். நின்றார். வேனிலிருந்து அக்கா இறங்கியதைப் பார்த்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரொம்ப வருத்தமாக, நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்றார். நேற்று என்றால், இன்று காலை நாம் பேசியது எப்போது என்று அக்கா அதே சுத்தமான மலாயில் கேட்டார். அவர் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

இது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆள், அதே நேற்று. நான் வேனை எடுத்தேன். வழக்கம்போல் பெயர்த்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம்ம தமிழ் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் அப்படிச் சொல்றான் என்றேன்.

"தெரியும் தம்பி. அதைச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணுமா?" என்றார். அன்று மீன் வாங்கவில்லை. வழியில் எங்கேயும் நிறுத்தச் சொல்லவுமில்லை.

இதற்கு நடுவில் கிள்ளானிலிருந்து அவருடைய அண்ணன் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, மேலே ஓர் அறை காலி. தங்கை ஊர் ஊராக அலைகிறாள் என்று அவருக்கு அவமானம். ஒரு சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். நீயும் வா, நடுவில் எழுந்து போக ஒரு சாக்கு வேண்டும் என்று அக்கா என்னையும் இழுத்துப் போனார்.

அண்ணி நண்டு சமைத்திருந்தார். மூட்டு வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பரிமாறினார். அவர்களுடைய மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்றரை வயது முதல் பிள்ளை, வாசலில் நான் கழற்றிய செருப்பை மேசைக்கு அடியில் கொண்டுவந்து தின்றுகொண்டிருந்தது. மேல் அறைக்குப் புதிதாக இளநீலம் அடித்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போ என்று அண்ணன் ஆரம்பித்தார்.

நீ தனியாகக் கிடந்து கஷ்டப்பட வேண்டாம் என்றார் அண்ணன்.

"அண்ணிக்கு முட்டி வலி" என்றார் அக்கா, நண்டை உடைத்தபடி, என்னிடம்.

பிள்ளைகளுக்கு உன்மேல் உயிர் என்றார் அண்ணன்.

"புள்ளைய தூக்க ஆள் இல்ல."

வயசான காலத்தில் சொந்தம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

"சம்பளம் கேக்காத ஆளு."

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போதும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. ஏனென்றால் அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆமா, எனக்கு முட்டி வலிதான். புள்ளைய தூக்க ஆளு வேணும்தான். இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? ஆனா அதுக்கு ஒரு ஆளை வச்சுக்கலாமே. உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? முப்பத்தாறு வருஷமா இந்த வீட்டுல உங்கண்ணன் பேப்பர் படிக்கிறாரு. எனக்குப் பேச ஆளு இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லு."

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது. அண்ணன் பக்கத்து நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்தார். பிரித்தார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அக்கா எழுந்து உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு டப்பா நண்டு இருந்தது.

ஷா ஆலம் தாண்டியதும் சொன்னார்:

"பாதிய விட்டுட்டேன் தம்பி."

எதை என்றேன்.

"அண்ணி மனசுல இருந்ததுல முதல் பாதிய மட்டும் சொன்னேன். கோர்ட்டுல இப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அப்படியானால் கிள்ளானுக்கே போய்விடலாமே என்று கேட்டேன். தப்பாக மொழிபெயர்த்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம், அதற்காக இளநீல அறையில் குடியிருக்க முடியாது என்றார். ஆனால் அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அண்ணிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்னதான் பேசுவீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, இன்றைக்கு உங்கள் வீட்டு ரசம்தான் என்றார். என் மனைவியிடம் அதை நான் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் எங்கள் கட்டடம் ஏறக்குறைய காலி. நாங்கள் பூச்சோங்குக்கு மாறிவிட்டோம். நான்காவது மாடியில் அக்கா, கீழே ஒரு தையல்காரர் குடும்பம், அவ்வளவுதான். படிக்கட்டு விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம் வரும். நான் போய்ப் பார்த்தபோது வீடு முழுக்கப் பெட்டிகள். எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தார். எந்த ஊருக்கு என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சம் பயம் வந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் சொன்ன எதையும் அவர் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தஞ்சோங் செப்பாட்டுக்கு நாங்கள் வீடு பார்க்கப் போகவில்லை. அந்த வாரம் பார்க்க வேண்டிய வீட்டுக்காரர் போனிலேயே கழன்றுகொண்டார். பாதி வழியில் திரும்ப மனமில்லாமல், அங்கே ஆவியில் வெந்த பாவ் ரொட்டி நன்றாக இருக்கும் என்று நான்தான் ஓட்டிப் போனேன். சீனர்கள் அதிகமாக இருக்கும் சின்ன மீன்பிடி ஊர். படகுத்துறை, அதை ஒட்டிச் சில சாப்பாட்டுக் கடைகள், அப்புறம் கடல். நல்ல வெயில். அக்கா ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து சுகமாக வேர்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கார அம்மா அக்கா வயசு இருக்கும், புருஷன் இறந்துபோனவர். அவருக்கு ஹொக்கியன் சீனம் தவிர ஒன்றும் தெரியாது, மலாயில் ஒரு இருபது வார்த்தை. கடைக்குப் பின்னால் மரவீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அக்கா அதைச் சுட்டிக்காட்டினார். அந்த அம்மா ஒரு விரலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஒரு ஆளா என்று கேட்கிறார். அக்காவும் ஒரு விரலைக் காட்டினார். அந்த அம்மா தன்னையே தொட்டுக்காட்டித் தானும் ஒரு விரலைத் தூக்கினார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். வாடகை பேச ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதுமாக இருந்தது.

படகுத்துறையில் மீன் விற்ற பெண், அக்கா தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு மீனைப் பாதியாக வெட்டித் தூக்கிக் காட்டினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

பஸ் எப்போதாவது ஒன்றுதான் வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றார். நம் ஆட்கள் குறைவு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, இவர்கள் பேசுவது ஒரு வார்த்தை உங்களுக்குப் புரியாதே என்றேன்.

"அதான் தம்பி. என்னைப் பத்தி என்ன பேசினாலும் எனக்குப் புரியாது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் காதுக்கு லீவு."

அடுத்த சனிக்கிழமை ஒரு லோரியில் பெட்டிகள் போயின.

முதல் வருடம் நான் நான்கைந்து தடவை போயிருப்பேன். நிறம் கறுத்து, கன்னம் உப்பி, ஆள் நன்றாக இருந்தார். ஹொக்கியனில் 'சாப்பிட்டாச்சா', 'எவ்வளவு' என்ற இரண்டை மட்டும் கற்றுக்கொண்டு, மூன்றாவது வார்த்தையைக் கற்றுக்கொள்ளப் பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா அவரிடம் மணிக்கணக்காகப் பேசுவார். அக்கா ஒன்றும் புரியாமல் நிம்மதியாகத் தலையாட்டுவார். எங்கள் பிளாட்டின் முன்வரிசைப் பெண்கள் மாதிரியே ஆட்டினார். நான் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது வருடம் மழைக் காலத்தில் பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. காலையில் கோப்பி குடிக்க வரவில்லையே என்று தேடி வந்த கடைக்கார அம்மாதான் பார்த்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு, மீன் லோரியில் ஏற்றி, பந்திங்குக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட வைத்துத் திரும்பக் கூட்டி வந்தார். செய்தி கேட்டு அண்ணனும் அண்ணியும் ஓடிவந்தார்கள். இதற்குத்தான் அன்றே சொன்னேன், எழுந்திரு கிள்ளானுக்கு என்றார் அண்ணன். அக்காவுக்கு வலியில் பதில் சொல்லத் தெம்பில்லை. ஒரு நிமிடம் அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்றே தோன்றியதாக அண்ணி பிறகு என்னிடம் சொன்னார்.

அண்ணி வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பின்வாசலில் நின்று கடலைப் பார்த்திருக்கிறார். அவர் மகள் அதற்குள் பிள்ளைகளோடு ஜொகூருக்குப் போய்விட்டிருந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை தான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன், இந்தக் காலோடு இவளை அலைக்கழிக்க வேண்டாம் என்றார் அண்ணி. ஆறு வாரம்தானே என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். அண்ணி கிள்ளானுக்குத் திரும்பவில்லை. கால் இன்னும் ஊன்ற முடியவில்லை என்று அடுத்த மாதம் போயிற்று. ஊன்றிய பிறகு மழை நிற்கட்டும் என்று இன்னொரு மாதம். மழையும் நின்றது. அப்போது அண்ணன் எனக்குப் போன் செய்து, சனிக்கிழமை வேன் சும்மாதானே இருக்கும் என்று கேட்டார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து ஏறினார். இடது கையில், இஸ்திரி போடும்போது சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று புதிதாக இருந்தது. பந்திங் வரை பேப்பர் படித்தார். அதற்குப் பிறகு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவியை வீட்டுக்கு எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு மூன்று விதமாக என்னிடம் சொல்லிப் பார்த்தார்.

நாங்கள் போனபோது மூன்று பெண்களும் கடையின் பின்புறம் ஒரு முறம் இறாலைச் சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தமிழில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா ஹொக்கியனில் பதில் சொன்னார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார், அவர்கள் பேச்சுக்குள் போகவே இல்லை. அண்ணனைப் பார்த்ததும் அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நாற்காலி போட்டார், கோப்பி சொன்னார், சட்டையில் மடிப்பு சரியில்லை என்றார்.

அண்ணன் பழகி வைத்திருந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"வீட்டுல எல்லாம் அப்படியே கிடக்கு" என்றார்.

நான் கோர்ட் அக்காவைப் பார்த்தேன். அந்த வாக்கியத்துக்குள் இருந்த அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கே கேட்டது. அவர் குனிந்து ஓர் இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, பொறுமையாக ஓட்டை உரித்தார்.

"அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை.

மத்தியானம் நான்கு பேரும் சாப்பிட்டோம், கடைக்கார அம்மா எல்லாருக்கும் அள்ளிப் போட்டார். அண்ணன் படகுத்துறையில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். புறப்படும்போது அண்ணி ஒரு பை பாவும், பொரித்த இறாலும், எதை எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்று எழுதிய தாளும் கொடுத்தார். அக்கா வேன் வரை நொண்டிக்கொண்டு வந்து, அண்ணனின் தோளில் ஒரு தடவை தட்டினார். அவர்கள் வீட்டில் அப்படித் தட்டிக்கொள்கிற வழக்கம் கிடையாது என்று நினைக்கிறேன். அண்ணன் திடுக்கிட்டுப் போனார்.

பந்திங் சாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் வந்துவிட்டோம். பேப்பர் இருக்கையில் கிடந்தது, அவர் தொடவில்லை. மடியிலிருந்த பையின் சூட்டைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊருல ஆம்பளை ஒருத்தனுக்கு வீடு குடுப்பாங்களா தம்பி?" என்றார்.

கேட்டுப் பார்க்கலாம் அண்ணே, வேனைத் திருப்பட்டுமா என்றேன்.

அவர் பையின் வாயைச் சுருட்டி மூடினார்.

"அடுத்த சனிக்கிழமை" என்றார்.